சீவோ செயலியும் முப்பது டாலரும்: எல் சால்வடோரில் பிட்காயின், ஒரு நிகழ்வு ஆய்வு

2021 செப்டம்பர் 7, செவ்வாய்க்கிழமை. அன்று விடிந்தபோது மத்திய அமெரிக்காவின் எல் சால்வடோரில் பிட்காயின் என்ற டிஜிட்டல் நாணயம் சட்டப்படி செல்லும் பணமாகியிருந்தது. அதற்கு முன் உலகில் எந்த நாடும் செய்யாத காரியம். அதை வைத்துக்கொள்ளவும் செலவழிக்கவும் அரசு வெளியிட்ட ஆப்பின் பெயர் சீவோ. அந்த ஊர்ப் பேச்சில் அதற்கு 'சூப்பர்' என்று பொருள். ஆனால் காலையில் தேடியவர்களுக்கு அது எல்லா ஆப் ஸ்டோர்களிலும் கிடைக்கவில்லை. ஆப்பிள், கூகுள், ஹுவாவே நிறுவனங்களைப் பெயர் சொல்லி அழைத்து, ஆப்பைச் சீக்கிரம் ஏற்றச் சொல்லி அதிபர் நயீப் புக்கேலே ட்விட்டரில் எழுதிக்கொண்டிருந்தார். பதிவு செய்ய வந்த கூட்டத்தைத் தாங்க முடியாமல் சர்வரை அரசே கொஞ்ச நேரம் நிறுத்தி வைத்தது. அதே நாளில் பிட்காயின் விலை 52,000 டாலருக்கு மேலிருந்து 43,000 டாலர் பக்கம் சரிந்து, பிறகு கொஞ்சம் மீண்டது.

பிட்காயின் பற்றிப் பேச்சு எடுத்தாலே இரண்டு கட்சியாகப் பிரிந்து விடுவோம். ஒரு பக்கம் 'எதிர்காலமே இதுதான்', இன்னொரு பக்கம் 'வெறும் சூதாட்டம்'. இரண்டு பக்கத்தினருக்கும் பெரும்பாலும் இதை வைத்துக் காய்கறி வாங்கிய அனுபவம் கிடையாது. எல் சால்வடோர் எனக்கு முக்கியமாகப் படுவது அதனால்தான். பூபூசா என்ற அந்த ஊர் ரொட்டி சுடுகிறவர், சந்தையில் தக்காளி விற்கிறவர், அமெரிக்காவில் இருக்கும் மகனிடமிருந்து மாதாமாதம் பணம் வாங்கும் தாய் என்று எந்தக் கட்சியிலும் இல்லாதவர்கள் எல்லோரும் ஒரே நாளில் இதற்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தது. அவர்கள் சொன்ன பதிலை நாம் சரியாகக் காது கொடுத்துக் கேட்கவில்லை என்று நினைக்கிறேன்.

டாலர் நாடு

எல் சால்வடோரின் சொந்த நாணயம் கொலோன். 2001இல் அதைக் கைவிட்டு அமெரிக்க டாலரை எடுத்துக்கொண்டார்கள். ஆக, பணவீக்கத்தில் கரையும் உள்ளூர்க் காசிலிருந்து மக்களைக் காப்பாற்றும் மாற்று என்ற வாதம் இந்த நாட்டுக்கு அவ்வளவாகப் பொருந்தாது. அவர்கள் கையில் இருந்ததே டாலர்தான். பிட்காயினுக்குச் சொல்லப்பட்ட காரணங்கள் வேறு இரண்டு. நாட்டில் 70 சதவீதம் பேருக்கு வங்கிக் கணக்கு இல்லை என்று அரசு சொன்னது. அப்புறம், வெளிநாட்டில் இருப்பவர்கள் அனுப்பும் பணம்.

சுமார் 63 லட்சம் பேர் உள்ள அந்தச் சிறு நாட்டுக்கு 2020இல் வெளியிலிருந்து வந்த பணம் ஏறத்தாழ 590 கோடி டாலர். நாட்டின் மொத்த உற்பத்தியில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல். இடையில் போகும் கமிஷன் எப்படி வலிக்கும் என்பது வளைகுடாவிலோ சிங்கப்பூரிலோ ஆள் இருக்கும் நம் வீடுகளுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பிட்காயின் வந்தால் கமிஷனில் மட்டும் ஆண்டுக்கு 40 கோடி டாலர் மிச்சம் என்றார் புக்கேலே. கணக்குப் போட்டுப் பார்த்தால் அது அனுப்பிய தொகையில் கிட்டத்தட்ட 7 சதவீதம். அமெரிக்காவிலிருந்து எல் சால்வடோருக்குப் பணம் அனுப்பும் செலவு ஏற்கெனவே உலகச் சராசரியை விடக் குறைவு. 7 சதவீதத்துக்கும் வெகு கீழே. நோய் இருந்தது உண்மை. மருந்தின் அளவை முடிவு செய்தபோது நோயை யாரும் அளந்து பார்க்கவில்லை.

எல் சோன்ட்டே

இந்தக் கதை உண்மையில் தொடங்கியது தலைநகரில் இல்லை, எல் சோன்ட்டே என்ற கடற்கரைக் கிராமத்தில். அலைச்சறுக்கு விளையாட வெளிநாட்டவர்கள் வரும் இடம். அங்கே பல ஆண்டுகளாகத் தொண்டு செய்துவந்த அமெரிக்கர் மைக்கேல் பீட்டர்சன். 2019இல் பெயர் வெளியிடாத ஒருவர் அவர் மூலமாக ஊருக்கு பிட்காயின் நன்கொடை கொடுக்க முன்வந்தார். ஒரு நிபந்தனை: டாலராக மாற்றி விநியோகிக்கக் கூடாது, பிட்காயினாகவே ஊருக்குள் புழங்க வேண்டும்.

அதன்படி கடற்கரையைச் சுத்தம் செய்த இளைஞர்களுக்கு பிட்காயினில் கூலி கொடுத்தார்கள். கூலி வாங்கியவர்கள் செலவழிக்க வேண்டுமே என்று கடைக்காரர்களிடம் போய்ப் பேசினார்கள். ஒரு கடை, அப்புறம் பக்கத்துக் கடை. கொரோனா ஊரடங்கில் சுற்றுலா நின்றுபோனபோது குடும்பங்களுக்கு உதவித்தொகையும் இதே வழியில் போனது. விலை ஏறினால் என்ன, இறங்கினால் என்ன, போன் தொலைந்தால் என்ன செய்வது என்று கேட்க ஆள் பக்கத்திலேயே இருந்தார். சொல்லிக் கொடுத்தவர்கள் அந்த ஊர்ப் பிள்ளைகள்.

பிட்காயினில் ஒரு பரிமாற்றம் உறுதிப்பட, பிளாக்செயின் என்ற பொதுக் கணக்கேட்டில் அது இடம்பெறும் ஒரு பிளாக், அதாவது ஒரு புதுப் பக்கம், சேர வேண்டும். அதற்குச் சராசரியாக 10 நிமிடம். பூபூசா சூடாக இருக்கும்போது 10 நிமிடம் யார் நிற்பார்கள்? பிளாக்செயினுக்கு மேல் இன்னொரு அடுக்காக இயங்கும் லைட்னிங் முறையில் ஒன்றிரண்டு விநாடியில் வேலை முடியும், கட்டணமும் சொற்பம். எல் சோன்ட்டேக்காகவே லைட்னிங்கில் ஒரு வாலட், அதாவது பிட்காயின் வைத்துக்கொள்ளவும் அனுப்பவும் ஒரு ஆப், உருவாக்கினார்கள். தேவை முதலில் வந்தது, கருவி அதன் பின்னால் வந்தது. அந்த வரிசையை நான் முக்கியமாக நினைக்கிறேன். நாடு தழுவிய திட்டத்தில் அது தலைகீழானது.

சில மணி நேரத்தில் ஒரு சட்டம்

2021 ஜூன் 5, மயாமியில் நடந்த பிட்காயின் மாநாட்டில் புக்கேலேயின் காணொளி ஒன்றைத் திரையிட்டார்கள். பிட்காயினைச் சட்டப்படியான பணமாக்கப் போவதாக அவர் சொன்னார். நான்காம் நாள், ஜூன் 8 இரவு, நாடாளுமன்றத்தில் 84 பேரில் 62 பேர் ஆதரித்து வாக்களித்தார்கள். ஓட்டெடுப்பு நடக்கும் நேரத்தில் அதிபர் ட்விட்டர் ஸ்பேசஸ் என்ற நேரலைக் குரல் உரையாடலில் வெளிநாட்டு பிட்காயின் ஆர்வலர்களிடம் பேசிக்கொண்டிருந்தார். தக்காளி விற்கிறவரிடம் அந்த நான்கு நாளில் யாரும் பேசவில்லை.

சட்டத்தில் 16 பிரிவுகள்தான். அதில் 7ஆம் பிரிவு, வாங்குபவர் பிட்காயின் நீட்டினால் விற்பவர் ஏற்றே ஆக வேண்டும் என்றது. தொழில்நுட்ப வசதி இல்லாதது வெளிப்படையாகத் தெரிகிறவர்களுக்கு 12ஆம் பிரிவில் விலக்கு இருந்தது. ஆனால் 'ஏற்றே ஆக வேண்டும்' என்ற ஒரு வரி ஊர் முழுக்கப் பரவிய அளவுக்கு விலக்கு பரவவில்லை. எந்த வங்கியும் எந்த அரசும் நடுவில் இல்லாமல் இருவர் மனமொத்துச் செய்யும் பரிமாற்றத்துக்காக உருவான பணம் இது. அதையே சட்டம் போட்டுக் கட்டாயமாக்கினார்கள். பிட்காயினை நேசிக்கும் பலரே அன்று இந்த 7ஆம் பிரிவை எதிர்த்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும்.

திட்டத்தை விமர்சித்து வந்த ஒரு கணினி வல்லுநரை செப்டம்பர் முதல் தேதி போலீஸ் பிடித்துச் சென்று சில மணி நேரம் கழித்து விட்டது. செப்டம்பர் 15, அந்த நாட்டின் சுதந்திரத்தின் 200ஆம் ஆண்டு. அரசை எதிர்த்து ஆயிரக்கணக்கானோர் தலைநகர் வீதிகளில் இறங்கினார்கள். ஒரு சீவோ ஏடிஎம் கூண்டு எரிந்தது.

சீவோ, கிட்டத்தில் பார்த்தால்

அரசு 15 கோடி டாலரில் ஒரு நிதியம் அமைத்தது. கடைக்காரருக்கு பிட்காயினில் காசு வந்தால் உடனே டாலராக மாறி அவர் கணக்கில் விழும். விலை ஏற்ற இறக்கத்தை நிதியம் தாங்கும். நாடு முழுக்க 200 ஏடிஎம்கள், 50 உதவி மையங்கள். பதிவு செய்கிற ஒவ்வொருவருக்கும் 30 டாலர் மதிப்புள்ள பிட்காயின் இலவசம். அப்போது வணிகத் துறையில் குறைந்தபட்ச மாதச் சம்பளமே 365 டாலர். அதன்படி 30 டாலர் என்பது இரண்டரை நாள் சம்பளம். அந்த போனஸை நேராக ஏடிஎம்மில் உருவ முடியாது. செலவழிக்கலாம், இன்னொருவருக்கு அனுப்பலாம். அக்டோபரில் சீவோவில் பணம் கட்டினால் பெட்ரோலில் கேலனுக்கு 20 சென்ட் தள்ளுபடியும் வந்தது.

பதிவு செய்யும் முறை இதுதான். டூயி எனப்படும் தேசிய அடையாள அட்டையின் எண், பிறந்த தேதி, அட்டையின் படம், அப்புறம் முகத்தைக் கேமராவுக்குக் காட்ட வேண்டும். அந்த முகச் சரிபார்ப்பு வேலையே செய்யவில்லை. அட்டையின் நகலைக் காட்டி, முகத்துக்குப் பதில் வேறு ஏதோ படத்தைக் காட்டிப் பதிவு செய்ய முடிந்ததைச் சிலர் வீடியோ எடுத்தே நிரூபித்தார்கள். விளைவு என்ன? நிஜ ஆள் ஆசையாகப் பதிவு செய்யப் போனால், 'இந்த எண்ணில் ஏற்கெனவே கணக்கு இருக்கிறது' என்று ஆப் சொன்னது. யாரோ அவர் பெயரில் கணக்கு தொடங்கி, 30 டாலரை வேறு எங்கோ அனுப்பி முடித்திருந்தார்கள். கிறிஸ்தோசால் என்ற மனித உரிமை அமைப்புக்கு அக்டோபரில் 5, 6 நாளுக்குள் இப்படி 755 புகார்கள் வந்தன.

இன்னொரு விஷயமும் நடந்தது. பணம் மாற்றும்போது பிட்காயின் விலையை ஒரு நிமிடம் போல நிறுத்தி வைத்துக் காட்டும் வசதி சீவோவில் இருந்தது. வெளியே விலை நகர்ந்துகொண்டே இருக்கும், உள்ளே பழைய விலை நிற்கும். விவரம் தெரிந்தவர்கள் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து, லாபம் வரும் நொடியில் மட்டும் அழுத்தினார்கள். அந்த லாபம் வந்தது பொதுப்பணத்திலிருந்து. அரசு விழித்துக்கொண்டு அந்த வசதியை எடுத்தது. டிசம்பரில் கணக்கிலிருந்த தொகையே காணவில்லை என்று பலர் ட்விட்டரில் முறையிட்டார்கள். கவுண்டரில் போய்க் கேட்டால் பாஸ்புக் இல்லை, ரசீது இல்லை, மேலாளர் இல்லை. காத்திருங்கள் என்ற பதில்தான் கிடைத்தது.

பிட்காயினின் பிளாக்செயின் இந்த மாதங்களில் ஒரு நாளும் பழுதாகவில்லை. பழுதானது அதைச் சுற்றி அரசு கட்டிய வாசல். ஆனால் வாசலில் இடித்துக்கொண்டவரிடம் போய், வீடு நன்றாகத்தான் இருக்கிறது என்று சொல்லிப் பயனில்லை.

யார் பயன்படுத்தினார்கள்?

2022 பிப்ரவரியில் பெர்னாண்டோ ஆல்வரஸ், டேவிட் அர்ஹென்டே, டயானா வான் பட்டன் என்ற மூன்று பொருளாதார ஆய்வாளர்கள் நாடு முழுக்க 1,800 வீடுகளில் நேரில் போய்க் கேட்டார்கள். சீவோவைப் பற்றித் தெரிந்தவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் தரவிறக்கியிருந்தார்கள். அந்த வேகம் மலைக்க வைப்பதுதான். ஆனால் தரவிறக்கியவர்களில் 60 சதவீதத்துக்கு மேல் 30 டாலரைச் செலவழித்த பிறகு அதைத் தொடவே இல்லை. 2022இல் புதிதாகத் தரவிறக்கியவர்கள் ஏறக்குறைய யாருமே இல்லை. பிட்காயின் ஏற்ற கடைகள் 100க்கு 20. அதிலும் பெரிய நிறுவனங்களே அதிகம். வெளிநாட்டிலிருந்து வந்த பணத்தில் டிஜிட்டல் வாலட் வழியாக வந்தது 2 சதவீதத்துக்கும் கீழே.

ஏன் வேண்டாம் என்று கேட்டதற்குக் கிடைத்த பதில்கள்தான் எனக்கு மனதில் நிற்கின்றன. ரொக்கமே வசதி என்றார்கள். பிட்காயின் மீதும், அந்த ஆப்பின் மீதும் நம்பிக்கை இல்லை என்றார்கள். இதை 'படிக்காதவர்களின் பயம்' என்று தள்ளிவிடுபவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. சந்தையில் 2 டாலருக்கு வியாபாரம் செய்பவர் மாலையில் அதே 2 டாலரை மொத்த வியாபாரியிடம் கொடுத்தாக வேண்டும். அவருக்கு 'நாளை 3 ஆகலாம்' என்பது ஆறுதல் இல்லை, 'நாளை ஒன்றரை ஆகலாம்' என்பது கவலை. அவர் போட்ட கணக்கு சரியான கணக்கு.

இன்னொன்று. வங்கியில்லாதவர்களுக்காக என்று சொல்லிக் கொண்டுவந்ததை அதிகம் பயன்படுத்தியவர்கள் இளைஞர்கள், ஆண்கள், படித்தவர்கள், ஏற்கெனவே வங்கிக் கணக்கு வைத்திருந்தவர்கள்.

சாவி யார் கையில்?

பிட்காயினைப் பாதுகாப்பது என்றால் பிரைவேட் கீயை, அதாவது அதைச் செலவழிக்க உதவும் ரகசியச் சாவி எண்ணை, பாதுகாப்பது. அந்தச் சாவியை மனிதர்கள் எழுதி வைக்க வசதியாக 12 அல்லது 24 ஆங்கிலச் சொற்களாகத் தருவார்கள். அந்தச் சொற்கள் தெரிந்தவர் எவரோ அவரே உரிமையாளர்; தொலைத்தால் மீட்டுத் தர ஒருவரும் இல்லை.

நான் முதன்முதலில் ஒரு வாலட் தொடங்கியபோது 12 சொற்களையும் ஒரு நோட்டில் எழுதி வைத்தேன். உள்ளே ஆயிரம் ரூபாய்க்கும் குறைவான தொகைதான். பிறகு, எழுதியது சரிதானா என்று பார்க்க ஒரு பழைய போனில் அதை மீட்டு எடுக்க முயன்றேன். 'செல்லாத சொற்றொடர்' என்று வந்தது. திரும்பவும் அடித்தேன், திரும்பவும் அதே. ஒவ்வொரு சொல்லும் சரியாகத்தான் இருந்தது. முக்கால் மணி நேரம் போன பிறகுதான் புரிந்தது: இரண்டு பத்தியாக எழுதிய நோட்டில் 7ஆம் சொல்லும் 8ஆம் சொல்லும் இடம் மாறியிருந்தன. சின்னத் தொகை என்று தெரிந்தும் அந்த முக்கால் மணி நேரம் கை நடுங்கியது. ஒருவருடைய ஓய்வுக்காலச் சேமிப்பு அதற்குள் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றும் நினைத்துப் பார்க்கிறேன். அன்றிலிருந்து யார் என்னிடம் வாலட் பற்றிக் கேட்டாலும், பெரிய தொகை போடுவதற்கு முன் சின்னத் தொகையில் ஒருமுறை அழித்து மீட்டுப் பாருங்கள் என்றுதான் முதலில் சொல்கிறேன்.

இந்தச் சுமையை மக்கள் தலையில் ஏற்றாமல் சீவோ தானே சாவியை வைத்துக்கொண்டது. புதிதாக வருபவருக்கு அது ஒரு விதத்தில் உதவிதான். ஆனால் அப்போது அது வங்கிக் கணக்கு போலாகிவிடுகிறது. வங்கிக்கு உள்ள கட்டுப்பாடும், கேள்வி கேட்க இடமும், வைப்புத்தொகைக் காப்பீடும் சேர்ந்து வந்தால்தான் அது நியாயம். அவை வரவில்லை. 2024 ஏப்ரலில் சுமார் 51 லட்சம் சால்வடோர் மக்களின் பெயர், அடையாள எண், முகப்படம் எல்லாம் இணையத்தில் கொட்டப்பட்டன. சீவோ ஏடிஎம்களின் நிரல் என்று சொல்லி ஒரு பகுதியையும் அதே ஹேக்கர் குழு வெளியிட்டது. தங்கள் அமைப்பு ஊடுருவப்படவில்லை என்று சீவோ மறுத்தது. கடவுச்சொல் கசிந்தால் மாற்றிக்கொள்ளலாம். முகத்தை எப்படி மாற்றுவது?

அரசின் பெட்டகம்

அரசு தன் காசை வைத்துக்கொண்ட விதம் வேறு. தொடக்கத்திலேயே சில நூறு பிட்காயின்கள் வாங்கியது. 2022 நவம்பரிலிருந்து தினம் ஒன்று வாங்குவதாக அறிவித்தது. அந்த மாதம் விலை 16,000 டாலர் பக்கம் கிடந்தது. நாடு திவாலாகப் போகிறது என்று பலர் எழுதினார்கள். 2024 மார்ச்சில் விலை 70,000 டாலரைத் தாண்டியபோது, 5,600க்கும் மேற்பட்ட பிட்காயின்களை இணையத் தொடர்பில்லாத வாலட்டுக்கு மாற்றி, நாட்டுக்குள்ளேயே ஒரு பெட்டகத்தில் வைத்ததாக புக்கேலே சொன்னார். டிசம்பரில் விலை ஒரு லட்சம் டாலரைத் தொட்டது.

விலையை வைத்து மட்டும் பார்த்தால் அரசு ஜெயித்துவிட்டது. அதே காலத்தில் தலைநகர் சான் சால்வடோரை ஒட்டியுள்ள மத்திய அமெரிக்கப் பல்கலைக்கழகத்தின் கருத்துக்கணிப்பில், 2023இல் 100 பேரில் 88 பேர் பிட்காயினை ஒருமுறைகூடப் பயன்படுத்தவில்லை என்றார்கள். 2024இல் 92 பேர். விலை ஏற ஏறப் பயன்பாடு குறைந்தது. முதலீடாக வென்றதும் பணமாகத் தோற்றதும் ஒரே நாட்டில், ஒரே ஆண்டில் நடந்திருக்கின்றன. நம் விவாதங்களில் இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பி விடுகிறோம்.

பிட்காயினை அடிப்படையாக வைத்து அரசு வெளியிடுவதாகச் சொன்ன 'எரிமலைப் பத்திரங்கள்' என்ற கடன் பத்திரங்கள் வெளியாகவே இல்லை. கொஞ்சாகுவா எரிமலை அடிவாரத்தில் எழும் என்ற பிட்காயின் நகரமும் எழவில்லை.

2024 டிசம்பரில் பன்னாட்டு நாணய நிதியத்துடன் 140 கோடி டாலர் கடனுக்கு உடன்பாடு ஏற்பட்டது. நிபந்தனைகளில் பிட்காயினும் இருந்தது. 2025 ஜனவரி 29 அன்று நாடாளுமன்றம் 55க்கு 2 என்ற வாக்கில் சட்டத்தைத் திருத்தியது. கடைக்காரர் ஏற்றே ஆக வேண்டும் என்ற கட்டாயம் போனது. வரியை இனி பிட்காயினில் கட்ட முடியாது. சீவோவை விற்கவோ மூடவோ வேண்டும் என்றும் ஒப்புக்கொண்டார்கள். நிதியம் போட்ட நிபந்தனை என்பதால் இதை வெளியார் மிரட்டல் என்று மட்டும் சொல்பவர்கள் உண்டு. என் பார்வையில், 7ஆம் பிரிவை மக்கள் ஏற்கெனவே கைவிட்டிருந்தார்கள்; நாடாளுமன்றம் மூன்றரை ஆண்டு கழித்து அதை எழுத்தில் போட்டது.

2025 ஆகஸ்டில் அரசு தன்னிடம் இருந்த 6,200க்கும் மேற்பட்ட பிட்காயின்களை ஒரே முகவரியிலிருந்து எடுத்து 14 முகவரிகளாகப் பிரித்தது. ஒன்றில் 500க்கு மேல் இல்லை. குவாண்டம் கணினிகள் என்றாவது சாவியை உடைத்தாலும் மொத்தமும் போய்விடக் கூடாது என்ற முன்னெச்சரிக்கை அது. நல்ல நடைமுறை. அந்த அக்கறையில் ஒரு பங்கு 2021இல் மக்களின் அடையாள எண்களுக்கும் முகங்களுக்கும் கிடைத்திருக்க வேண்டும்.

எல் சோன்ட்டே கடைகளில் இன்னும் பிட்காயினை ஏற்கிறார்கள். மலை மேலே காபித் தோட்டங்களுக்கு நடுவே பெர்லின் என்று ஒரு சிற்றூர் இருக்கிறது. அங்கும் உள்ளூர்க்காரர்கள் கடை கடையாகப் போய்ச் சொல்லிக் கொடுத்து, விருப்பப்பட்டவர்கள் ஏற்கத் தொடங்கியிருக்கிறார்கள். வேண்டாம் என்று சொல்லும் கடைக்காரர் டாலர் வாங்கிக்கொள்கிறார், அவரை இப்போது எந்தச் சட்டமும் கேட்பதில்லை.